பிளக் ஹோலில் ஒயில்: ஒரே காருக்கு இரண்டு தடவை செய்த வேலை

பின்னணி

2023 ஒக்டோபர் கடைசியில், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு கொரோலா 110 எங்கள் கராஜுக்கு வந்தது. 1998ஆம் ஆண்டு வண்டி, 1.5 லீற்றர் 5ஏ-எஃப்இ எஞ்சின். மீற்றரில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீற்றர் காட்டியது. உரிமையாளர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். காலையில் கோயில், பின்னேரம் பம்பலப்பிட்டியில் மகள் வீடு, மாதத்தில் ஒருதரம் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் ஓட்டம். ஆனால் அந்த ஓட்டம் முழுவதும் காலி வீதி நெரிசலில். ஓடும் நேரத்தைவிட நின்று உறுமும் நேரம்தான் அதிகம். இந்த விவரம் பிறகு முக்கியமாகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அவர் ஒயில் கசிவுக்காக வரவில்லை. புகைச் சான்றிதழுக்காக வந்தார். வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க 2008இலிருந்து புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது (ஐடிலில்) ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோலின், அளவு எல்லையைத் தாண்டிவிட்டது என்று தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வேறொரு கராஜில் காட்டியிருக்கிறார். அங்கே மூன்றாம் சிலிண்டரில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்களாம். ஒயிலில் குளித்தபடி வந்ததாம். உடனே தீர்ப்பு: ரிங் (பிஸ்டனைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் அல்லது வேறு எஞ்சின் போட வேண்டும்.

"தம்பி, எஞ்சின் முடிஞ்சுதாம். உண்மையே?"

"பாக்காமச் சொல்ல ஏலாது சேர். இண்டைக்கு வண்டிய விட்டுட்டுப் போங்க."

வண்டியை விற்றுவிட்டு வேறொன்று வாங்குவது அவருக்கு ஒரு வழியே இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருபத்தைந்து வயது கொரோலாவும் கை வைக்க முடியாத விலைக்குப் போனது. இதற்கிடையில் 2022இல், எரிபொருள் வரிசைக் காலத்தில், இந்த வண்டி கடற்கரைப் பக்கத்து மாடிவீட்டுத் தரிப்பிடத்தில் பல மாதம் அசையாமல் நின்றிருக்கிறது. பழைய ரப்பருக்கு ஓட்டமும் சூடும் மட்டுமல்ல, இப்படி நிற்பதும் ஆகாது.

பிளக்குக்கு ஒயில் எந்த வழியால் வருகிறது

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் 'எஞ்சின் முடிஞ்சுது' என்ற தீர்ப்பு பிறப்பதே இந்த இடத்தில்தான்.

இந்த எஞ்சினில் பிளக் நான்கும், வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம் ஷாஃப்ட்டுக்கும் நடுவே, ஆழமான குழாய்களின் அடியில் நிற்கின்றன. குழாயைச் சுற்றி வெளியே முழுக்கக் கேமுக்குத் தெறிக்கும் ஒயில். உள்ளே காய்ந்த இடம், அடியில் பிளக். அந்த ஒயில் உள்ளே வர இரண்டு வழிதான் உண்டு. ஒன்று குழாயின் அடி, அதாவது அது சிலிண்டர் ஹெட்டுக்குள் இறுகியிருக்கும் பொருத்து. மற்றது குழாயின் வாய். மேலே எஞ்சினின் தலையை மூடும் டெப்பட் கவரில் நான்கு வட்ட ரப்பர் சீல்கள் இருக்கின்றன. கவரை மூடும்போது ஒவ்வொன்றும் ஒரு குழாயின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும். அந்த ரப்பர் காய்ந்து கல்லானால் கவ்வுவதை விட்டுவிடும், ஒயில் துளித்துளியாகக் குழாயின் உள்சுவரால் இறங்கும்.

இது ஒரு நிறுவனத்தின் வண்டிக்கு மட்டும் உள்ள நோயல்ல. பிளக் நடுவில் ஆழத்தில் நிற்கும் எந்த எஞ்சினிலும் இருபது வருடம் கழிந்தால் எதிர்பார்க்க வேண்டியதுதான்.

ரிங்கோ வால்வ் சீலோ போனால் ஒயில் வருவது பிளக்கின் கீழ்ப் பக்கத்தில், எரியும் முனையில். டெப்பட் கவர் சீல் போனால் ஒயில் நிற்பது மேல் பக்கத்தில், பீங்கானைச் சுற்றி. இரண்டும் ஒயில்தான், இரண்டும் பிளக்கில்தான். ஆனால் ஒன்று பெரிய வேலை, மற்றது அரைநாள் வேலை. குழப்பம் எங்கே வருகிறதென்றால், குழியில் ஒயில் நிற்கும்போதே பிளக்கைக் கழற்றினால் அந்த ஒயில் மரை வழியே வழிந்து முனையையும் நனைத்துவிடும். வெளியே எடுத்துப் பார்ப்பவருக்கு ரிங் போன பிளக் மாதிரியே இருக்கும். போன கராஜில் நடந்தது இதுவாக இருக்கும் என்று எனக்கு முதலிலேயே ஒரு சந்தேகம்.

முதல் நாள் கண்டது

ஸ்டார்ட் உடனே பிடித்தது. ஐடிலில் எஞ்சின் விட்டுவிட்டு உதறியது, நிமிடத்துக்கு நான்கைந்து தடவை ஒரு சிலிண்டர் பற்றாமல் மிஸ் அடித்தது. ஒயில் எரிந்தால் வரும் நீலப் புகை சைலென்சரில் இல்லை. காலைக் குளிர் ஸ்டார்ட்டிலும் இல்லை, பத்து நிமிடம் ஐடிலில் விட்டுத் திடீரென்று அக்ஸலரேட்டரை அமுக்கியபோதும் இல்லை. பெட்ரோல் மணம் மட்டும் தூக்கலாக இருந்தது. பொனட்டைத் திறந்தால் தீய்ந்த ஒயில் மணம். கவரின் ஓரத்தால் வழிந்து எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட் தகட்டில் சொட்டிக் கருகியிருந்தது. செக் எஞ்சின் விளக்கு எரியவேயில்லை. இந்தக் காலத்து வண்டிகளின் கணினி, பிறகு வந்தவை போல மிஸ்ஃபயரை எண்ணிச் சொல்லாது.

டிப் ஸ்டிக்கை இழுத்தால் ஒயில் மேல் கோட்டுக்கும் மேலே நின்றது, கறுத்துத் தடித்து. கசிவு குறையட்டும் என்று யாரோ 20டபிள்யூ-50 என்ற தடித்த ரக ஒயிலை ஊற்றி, அளவும் கூட்டியிருக்கிறார்கள்.

எயார் ஃபில்டர் பெட்டியைத் திறந்த எங்கள் உதவிப் பையன் ஒன்று சொன்னான். "அண்ணே, இங்க ஒரு மூலையெல்லாம் ஒயிலா இருக்கு." பார்த்தேன். ஃபில்டரின் ஒரு ஓரம் ஒயிலில் ஊறிப் பழுப்பாகியிருந்தது. "ஒயில் கூடிப் போச்சு, அதான் ஏத்தி விட்டிருக்கு" என்றேன். டிப் ஸ்டிக்கே சாட்சியாக இருந்ததால் பொருத்தமான விளக்கமாகத்தான் பட்டது. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். இந்த ஆய்வை எழுதக் காரணமே அந்த ஒரு வாக்கியம்தான்.

பிளக் வயர்களைக் கழற்றினோம். மூன்றாம் வயர் சப்பென்ற சத்தத்தோடு, சேற்றிலிருந்து காலை உருவுவதுபோல வந்தது. அதன் ரப்பர் முனை ஒயிலில் ஊறிப் பருத்து, விரலால் அமுக்கினால் பழைய சூயிங்கம் மாதிரி அமுங்கியது. டோர்ச் அடித்துப் பார்த்தால் மூன்றாம் குழியில் பிளக்கின் தலை தெரியவில்லை, கறுப்பு ஒயில் மட்டும் மினுங்கியது. இரண்டாம் குழியில் பாதி. ஒன்றாம் குழியில் சுவர் நனைந்திருந்தது. நான்காம் குழி காய்ந்திருந்தது.

பிளக்கில் ஸ்பானர் வைக்கும் முன் ஒயிலை எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் வாங்கிய பெரிய ஊசிக் குழாயின் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி உறிஞ்சினோம். மூன்றாம் குழியிலிருந்து மட்டும் 20 மில்லிலீற்றருக்குக் கிட்ட வந்தது. மிச்சத்தைத் துணித் திரி விட்டு ஒற்றி, காற்றடித்து மணலையும் வெளியேற்றினோம். சில இடங்களில் குழிக்குள் பெட்ரோல் ஊற்றிக் கழுவுவார்கள். அந்த ஆவி போகும் முன் யாராவது சாவியைத் திருப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ரிங்கா, சீலா

எஞ்சின் ஆறிய பிறகு 16 மில்லிமீற்றர் பிளக் சொக்கெட்டால் நான்கையும் கழற்றி, வரிசை மாறாமல் துணியில் வைத்தோம். ஹெட் அலுமினியம். சூட்டில் கழற்றினால் மரையை இழுத்துக்கொண்டு வரலாம்.

ஒன்று, இரண்டு, நான்கு: முனை வெளிர் பழுப்பு, ஒழுங்காக எரிந்த நிறம். மூன்றாம் முனையில் காய்ந்த கரி, பெட்ரோல் மணத்தோடு. பெட்ரோல் எரியாமல் போயிருக்கிறது. ஒயில் எரிந்து பொருக்குக் கட்டிய தடயம் ஒன்றிலும் இல்லை. மூன்றாம் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் தலைமுடி தடிப்பில் ஒரு கறுப்புக் கோடு மேலிருந்து கீழ்வரை வளைந்து ஓடியது. ரப்பர் முனையைக் கத்தியால் கீறி விரித்துப் பார்த்தால், உள்ளேயும் அதே கோடு, கண்ணாடியில் பார்த்ததுபோல. பொறி முனைக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்புறத்தால் ஓடி உடம்பில் பாய்ந்த தடம் அது. ஒருதரம் இப்படிக் கோடு விழுந்துவிட்டால் துடைத்துப் பயனில்லை, பிளக்கும் வயரும் சேர்ந்தே போக வேண்டும். (மற்றப் பிளக்குகளில் பீங்கானின் அடியில் ஒரு பழுப்பு வளையம் இருந்தது. அது வேறு விஷயம், மின்னழுத்தம் ஒயில் துகளை இழுத்து ஒட்டவைப்பதால் வருவது. அதைக் 'கேஸ் லீக்' என்று சொல்லி நல்ல பிளக்கை எறிபவர்கள் உண்டு.)

வயர்களின் தடையை அளந்தோம். இந்த எஞ்சினுக்கு ஒரு வயர் 25 கிலோ ஓமைத் தாண்டக்கூடாது. மூன்று வயர்கள் 7இலிருந்து 11க்குள். மூன்றாம் சிலிண்டரின் வயர் 31.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் பிடிக்கும் அழுத்தம். முதல் சுற்றில் மூன்றாம் சிலிண்டர்தான் எல்லாவற்றையும்விட உயரமாகக் காட்டியது: 190. மற்றவை 160இலிருந்து 165 பிஎஸ்ஐ. பையன் சந்தோஷப்பட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் எடுத்தது போக மிஞ்சிய ஒயில் உள்ளே வழிந்து ரிங்கைச் சுற்றி அடைத்திருக்கும், அதனால் பொய்யாகக் கூடிக் காட்டும். வேறு பிளக் போட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டினோம். நீலப் புகை ஒரு பந்து போலக் கிளம்பி அடங்கியது. மறுநாள் சூடான எஞ்சினில், த்ரொட்டிலை முழுக்கத் திறந்து, பெட்ரோலையும் பொறியையும் நிறுத்தித் திரும்ப அளந்தோம்: 165, 160, 160, 165. அதுதான் உண்மை. ரிங்கில் பிரச்சினை இல்லை.

எடுத்த முடிவு

மூன்று வழி இருந்தது. எஞ்சினை இறக்குவது: அளவுகளே வேண்டாம் என்றன. குழாய்களையும் ஹெட்டிலிருந்து பிடுங்கி அடிப் பொருத்தைப் புதுப்பிப்பது: தேவையில்லாமல் அதில் கை வைத்தால் நல்லாயிருப்பதையும் கெடுக்கலாம். மூன்றாவது: டெப்பட் கவர் வெளிப் பெக்கிங் (கவரின் ஓரத்தை அடைக்கும் ரப்பர்), நான்கு குழாய் சீல், கவர் நட்டுகளின் ரப்பர் வளையங்கள், பிளக் நான்கு, வயர் செட் ஒன்று. இதைத் தேர்ந்தோம். ஒயிலையும் சரியான தடிப்புக்கு, சரியான அளவுக்கு மாற்றுவது என்று முடிவானது.

சேரிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை.

"அப்ப எஞ்சின் இறக்கத் தேவையில்லையோ?"

"இல்ல சேர். ரப்பர்தான் கல்லாப் போச்சு."

"ஆறு மாசத்துக்கு முன்னமும் பெக்கிங் மாத்தினவங்களே தம்பி."

அது எனக்குப் புதுச் செய்தி.

பஞ்சிகாவத்தையும் கவரும்

சாமான்களுக்கு, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனோம். அங்கே வெளிப் பெக்கிங் தனி, குழாய் சீல் தனி. கேட்டால்தான் சீலைக் கொடுப்பார்கள். போன தடவை என்ன நடந்திருக்கும் என்று கடைக்காரர் பெக்கிங்கை மட்டும் எடுத்து மேசையில் வைத்தபோதே புரிந்துவிட்டது. சீலில் இரண்டு தரம் காட்டினார். மலிவானதன் உள் உதடு சமமில்லை, ஒரு பக்கம் பிசிறு. விலையில் வித்தியாசம் ஒரு சாப்பாட்டுப் பார்சல் காசுதான். நல்லதை எடுத்தோம். வயர் செட் மட்டும் மற்ற எல்லாவற்றையும் கூட்டியதைவிடக் கூடுதலாக வந்தது.

கவரைக் கழற்றியதும் சந்தேகம் தீர்ந்தது. வெளிப் பெக்கிங் புதியது. அதன் மேலும் கீழும் சிவப்புச் சிலிக்கன், பல்துலக்கும் பசை மாதிரித் தாராளமாகப் பிதுக்கியிருந்தார்கள். நான்கு குழாய் சீலும் பழையவை. ஒன்றைக் கிளப்பி விரலால் வளைத்தேன், பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்தது. நட்டுகளின் வளையங்கள் நசுங்கித் தகடாகியிருந்தன. கசிவு நிற்காதபோது இன்னும் இறுக்கிப் பார்த்திருக்கிறார்கள் போலும். இந்த நட்டுகளுக்குச் சொல்லப்பட்ட இறுக்கம் சுமார் 6 நியூட்டன் மீற்றர்தான். சின்ன ரட்செட்டை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினாலே வந்துவிடும்.

சிலிக்கனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியே பிதுங்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது ஒருநாள் அறுந்து ஒயிலோடு கீழே போய், ஒயில் பம்பின் உறிஞ்சு வலையில் ஒட்டிக்கொள்ளும். கவரின் உள்ஓரத்தில் சிவப்பு நூல்கள் தொங்கின. பழைய ஒயிலை மெல்லிய துணியால் வடித்தபோது மூன்று துணுக்குகள் அகப்பட்டன. ஒயில் பானையும் கழற்றுவதா என்று யோசித்தோம். அழுத்தமானியைப் பூட்டிப் பார்த்ததில் சூடான ஐடிலிலும், வேகத்திலும் அழுத்தம் சரியாக இருந்தது. அதனால் பானையில் கை வைக்கவில்லை.

பழைய சிலிக்கனைப் பிளாஸ்டிக் சீவியால் சுரண்டினோம், அலுமினிய முகத்தில் இரும்பு படாமல். ஹெட்டில் கேம் பெயரிங் மூடி சேரும் மூலைகளில் மட்டும் ஒரு பயறளவு சிலிக்கன் வைத்தோம். அங்கே அது வேண்டும், மற்ற இடமெல்லாம் ரப்பர் காய்ந்தபடியே இருக்க வேண்டும். புது சீலின் உதட்டில் ஒரு துளி ஒயில் தடவிக் கவரை நேராக இறக்கினோம். சரித்து இறக்கினால் உதடு மடிந்துவிடும். நடுவிலிருந்து தொடங்கி, இரண்டு மூன்று சுற்றாக நட்டுகளை இறுக்கினோம்.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். உள்ளே கிலுகிலுவென்று சத்தம் கேட்டது. ஒரு பக்கம் ஊதினால் காற்றுப் போனது, மறுபக்கம் போகவில்லை. நல்ல வால்வ். அதன் ஹோஸையும் கையால் அமுக்கிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. திரும்பப் போட்டேன்.

புதுப் பிளக்குகளைக் கையால் முட்டும்வரை சுற்றி, அதற்குமேல் அரைச் சுற்று. எஞ்சின் தையல் மெஷின் மாதிரி நின்றது. பொழுது பட்ட பிறகு கராஜ் லைட்டை அணைத்து, உடுப்பு அயர்ன் பண்ணும் தண்ணீர்ப் புட்டியால் வயர்களின் மேல் பனி போலத் தெளித்தோம். எங்கும் நீலப் பொறி தாவவில்லை. அந்த வாரமே புகைப் பரிசோதனையில் தேறிவிட்டது. சேர் ஒரு பெட்டி லட்டு கொண்டுவந்து கொடுத்தார்.

ஐந்து வாரம் கழித்து

டிசம்பர் முதல் வாரம். ஒரு மாதம் கழித்து ஒருதரம் காட்டச் சொல்லியிருந்தோம், வந்தார். முறைப்பாடு ஒன்றும் இல்லை. வயரைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாம் குழியின் சுவரில் ஈரம். இரண்டாம் குழியில் மெல்லிய பிசுக்கு.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. புது சீல், சரியான இறுக்கம், மடிப்பு இல்லை என்று கண்ணால் பார்த்தது. அப்படியென்றால் ஒயில் அடிப் பொருத்தாலா வருகிறது? முதலில் அதைத்தான் தீர்க்க வேண்டும். குழியை நன்றாகத் துடைத்து, சுவரில் பிள்ளைகளுக்குப் பூசும் பவுடரை மெல்லியதாக ஊதி ஒட்டவைத்தோம். ஊதுமுன் பிளக்கின் தலையைத் துணியால் மூடிக்கொண்டோம். அரைமணி நேரம் ஐடிலில் விட்டுப் பல் டொக்டர்மார் வைத்திருப்பது போன்ற கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தோம். வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்புக் கோடு வாயில் தொடங்கிப் பாதி தூரம் இறங்கி நின்றது. அடியில் பவுடர் கலையாமல் வெள்ளையாகவே இருந்தது. மேலேயிருந்துதான் வருகிறது.

சீல் நல்லது, பொருத்தமும் நல்லது, ஆனாலும் ஒயில் தாண்டுகிறது. அப்படியென்றால் உள்ளேயிருந்து ஏதோ தள்ள வேண்டும். அந்த நேரத்தில்தான் எயார் ஃபில்டர் மூலையில் பார்த்த ஒயில் ஞாபகம் வந்தது. பெட்டியைத் திறந்தேன். ஒக்டோபரில் நாங்கள் போட்ட புது ஃபில்டரின் அதே மூலை திரும்பவும் பழுப்பாகியிருந்தது. இந்தத் தடவை டிப் ஸ்டிக்கில் ஒயில் சரியாகக் கோட்டுக்குக் கீழே. கூடிப்போன ஒயில் என்ற விளக்கம் அதோடு செத்தது.

"அண்ணே, அண்டைக்கும் நான் சொன்னனே" என்றான் பையன். சொன்னான்தான்.

காரணம் கிடைத்த இடம்

எந்த எஞ்சினிலும் கொஞ்சம் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். அதை வெளியேற்றுவது பிசிவி வால்வின் வேலை. இன்லெட் மெனிஃபோல்ட் உறிஞ்ச, அந்த வாயு வால்வ் வழியே திரும்ப எரியப் போகும். மறுபக்கம் எயார் ஃபில்டரிலிருந்து ஒரு ஹோஸ் வழியே சுத்தக் காற்று கவருக்குள் வரும். உறிஞ்சும் பக்கம் அடைபட்டால் வாயு சுத்தக் காற்று ஹோஸால் பின்னோக்கிப் பாய்ந்து, ஒயில் பனியையும் கூட்டிக்கொண்டு எயார் ஃபில்டருக்குப் போகும். அந்தப் பாதையும் நெருக்கமாக இருந்தால், சீல்கள்தான் அடுத்த வழி.

எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு ரப்பர்க் கையுறையை மாட்டினோம். சுத்தக் காற்று ஹோஸைக் கிடுக்கியால் நெருக்கினோம். எல்லாம் சரியென்றால் கையுறை உள்ளே உறிஞ்சப்பட வேண்டும். இது மெல்ல எழுந்து ஐந்து விரலையும் விரித்து நின்றது. சேர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பை பை சொல்லுது" என்றார்.

வால்வ் கிலுகிலுக்கிறது, ஹோஸில் வெடிப்பில்லை. பிறகு என்ன? ஓடும்போதே குனிந்து ஹோஸைப் பார்த்தேன். மெனிஃபோல்ட் பக்கத்து வளைவில் அது சப்பையாக உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது, உறிஞ்சிய ஸ்ட்ரோ மாதிரி. சாவியைத் திருப்பி அணைத்தேன். கண் முன்னாலேயே திரும்ப உருண்டையாகிவிட்டது.

அந்த ஹோஸ் எப்போதோ யாரோ போட்டது. ஒயில் ஆவியைத் தாங்கும் தடித்த ரகமல்ல, தண்ணீருக்குப் போடும் சாதாரண ரப்பர்க் குழாய், அளவாக வெட்டிப் பொருத்தப்பட்டிருந்தது. ஒயில் பனி பட்டுப்பட்டு உள்ளே பஞ்சுபோல இளகிவிட்டது. மெனிஃபோல்டின் வெற்றிடம் ஐடிலில் வலுவாக இருக்கும். அப்போது குழாய் சப்பையாகி வழியை அடைக்கும். வேகம் பிடித்தால் விடும். அதிவேக வீதியில் ஓடும் வண்டியென்றால் இது தெரியாமலே போயிருக்கும். காலி வீதியில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டியில் நாள் முழுக்க அடைபட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது கையால் அமுக்கிப் பார்த்த எனக்கு அது எப்படித் தெரியும்?

இன்னொன்றும் கிடைத்தது. கவரைத் திரும்பக் கழற்றி, உள்ளே ஒயில் தெறிப்பைத் தடுக்கும் தகட்டின் பின்னால் பார்த்தால், சுத்தக் காற்று வரும் வாயில் கறுத்த ஒயில் சகதி பாதிக்கு மேல் அடைத்திருந்தது. ஒக்டோபரில் கவரைக் கையில் வைத்திருந்தபோது ஓரங்களைத்தான் சுத்தம் செய்தோம், அந்தத் தகட்டின் பின்னால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு கதவு ஐடிலில் மூடிக்கொள்கிறது, மற்றது பாதி மூடியிருக்கிறது. சீல் என்ன செய்யும்?

அதன் பிறகு

கவரை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, தகட்டின் பின்புறத்தைக் காற்றடித்துக் கழுவினோம். சரியான ரக ஹோஸ் போட்டோம். வால்வ் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஹோஸைவிட மலிவு என்பதால் மாற்றினோம், அதன் ரப்பர் வளையத்தோடு. குழாய் சீல் நான்கையும் திரும்பப் புதிதாகப் போட்டோம். ஐந்து வாரம்தான் ஆகியிருந்தாலும், கழற்றிய சீலைத் திரும்பப் போட எனக்கு மனம் வரவில்லை.

கையுறையைத் திரும்ப மாட்டினோம். இந்தத் தடவை விரல்கள் உள்ளே இழுபட்டு மடிந்தன.

இரண்டாம் தடவைக்குச் சேரிடம் கூலி வாங்கவில்லை. சாமானுக்கு மட்டும் காசு கொடுத்தார், அதையும் வற்புறுத்தித்தான் கொடுத்தார். முதல் தடவையே பிடித்திருக்க வேண்டியது எங்களிடம் தவறிப்போனது என்று அவரிடம் சொன்னேன். "விடை சரியா வந்தாலும் வழி பிழையெண்டா நான் புள்ளி குறைக்கிறனான்" என்றார். முகம் சிரித்தபடிதான் இருந்தது.

ஒரு வாரத்தில் பார்த்தோம், காய்ந்திருந்தது. ஜனவரியில் பார்த்தோம். ஜூனில் ஒயில் மாற்ற வந்தபோது நான்கு குழியிலும் திசு வைத்து ஒற்றிப் பார்த்தோம். தூசுதான் வந்தது. எயார் ஃபில்டர் மூலையும் சுத்தம். கவர் ஓரத்தால் மெனிஃபோல்டில் சொட்டிக் கருகுவதும் நின்றுவிட்டது.

கராஜில் மாற்றிக்கொண்டது

பிளக் ஹோலில் ஒயில் என்று ஒரு வண்டி வந்தால், கவர் நட்டில் கை வைக்கும் முன் கையுறையை மாட்டுகிறோம். இரண்டு நிமிடம் போகாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹோஸைப் பார்க்கிறோம். வால்வைக் குலுக்கிப் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்வதை விட்டுவிட்டோம். அந்தச் சத்தம் வால்வைப் பற்றித்தான் சொல்லும், வழியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எயார் ஃபில்டரில் ஒயில் இருந்தால், டிப் ஸ்டிக் என்ன காட்டினாலும், அதை வேலைத் தாளில் எழுதி வைத்து, எல்லாம் முடிந்த பிறகு அதற்கு விளக்கம் கிடைத்ததா என்று திரும்பக் கேட்டுக்கொள்கிறோம். எழுதும் வேலையை அந்தப் பையனிடமே கொடுத்திருக்கிறேன்.

கம்ப்ரஷனை மறுநாள் திரும்ப அளந்ததை இப்போதும் அப்படியே செய்வேன். ஒயில் பானையைக் கழற்றாமல் விட்டது இன்றுவரை கொஞ்சம் உறுத்துகிறது. அழுத்தம் நன்றாக இருந்தது உண்மை, ஆனால் வலையைக் கண்ணால் பார்க்கவில்லை. வேறு வண்டியில் மூன்றுக்கு மேல் துணுக்கு அகப்பட்டால் கழற்றுவேன் என்று நினைக்கிறேன். அடிப் பொருத்தைப் பிடுங்காமல் பவுடர் போட்டுப் பார்த்தது நல்ல முடிவுதான். கோபத்தில் குழாயைப் பிடுங்கியிருந்தால் ஒரு வாரமும் சேரின் காசும் வீணாகியிருக்கும், ஹோஸ் அப்படியே சப்பையாகிக்கொண்டிருந்திருக்கும்.

2024 நவம்பரில் புகைப் பரிசோதனைக்குப் போகும் முன் வண்டியைக் கொண்டுவந்தார். பிளக் குழிகள் காய்ந்திருந்தன. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங்கால் (ரப்பர் வளையம்) கியர் பொக்ஸ் பக்கம் மெல்லியதாக ஒரு கசிவு தொடங்கியிருக்கிறது. கையுறையை மாட்டிப் பார்த்தோம், உள்ளேதான் இழுத்தது. அடுத்த சேர்விஸில் அந்த ஓ-ரிங்கை மாற்றுவதாகத் தாளில் குறித்து வைத்தோம்.